வௌவால் எச்சமும் காணாமல் போன எலும்புகளும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கான்ஹேரி குகைகளுக்குப் போயிருந்தேன். செம்பூரிலிருந்து குர்லா, தாதர், போரிவிலி என்று மூன்று ரயில் மாறி, போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. ஓர் இருட்டு அறைக்குள் தலையை நீட்டியதும் குப்பென்று வௌவால் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டே பையன் கேட்டான்: "அப்பா, ஆதி மனுஷன் எலும்பு இங்க கிடைக்குமா?"

கிடைக்காது. கான்ஹேரி, பௌத்தத் துறவிகளுக்காக எரிமலைப் பாறையில் மனிதர்கள் குடைந்த இடம். வயது இரண்டாயிரம் ஆண்டுகளை ஒட்டித்தான். ஆனால் அந்த நாற்றத்துக்கும் அவன் கேள்விக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்பேட் என்றால் செம்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆர்.சி.எஃப். உர ஆலையின் 'சுபலா 15:15:15' மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் இருக்கும் 15 பாஸ்பேட் கணக்கு. நம் எலும்பும் பல்லும்கூடப் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்தான். வௌவால் எச்சத்திலும் அது நிறைய. குகைத் தரையில் எச்சம் குவிந்து மட்கும்போது அமிலம் உண்டாகிறது. அது முதலில் அடுப்புச் சாம்பலில் இருக்கும் சுண்ணாம்பைத் தாக்கி, எலும்பின் தாதுவையே ஒத்த டாலைட் என்ற பாஸ்பேட்டாக மாற்றுகிறது. அமிலம் இன்னும் ஏறினால் அதுவும் நிற்காது. களிமண்ணில் உள்ள அலுமினியமும் இரும்பும் சேர்ந்து டாரனகைட், லியூகோபாஸ்பைட் போன்றவை உருவாகும். (முதலாவதன் பெயர் நியூசிலாந்தின் டாரனகி என்ற இடத்திலிருந்து வந்தது.) மண் அந்த நிலைக்கு வந்துவிட்டால் அதிலிருந்த எலும்பு கரைந்து போயிருக்கும். சுவடே இருக்காது.

இது வெறும் வேதியியல் பாடம் இல்லை. இஸ்ரேலில் கார்மல் மலையில் கெபாரா என்றொரு குகை. 1983இல் அங்கே சுமார் 60,000 ஆண்டு பழைய நியாண்டர்தால் மனிதனின் எலும்புக்கூடு கிடைத்தது. அதே குகையில் சில பகுதிகளில் விலங்கு எலும்புகள் குவியல் குவியலாக இருக்க, பக்கத்திலேயே ஒன்றுகூட இல்லை. அந்தக் கால மனிதர்கள் குப்பையை ஒரே பக்கம் கொட்டினார்களா, அல்லது மற்ற பக்கம் கரைந்துவிட்டதா? ஸ்டீவ் வைனர், பால் கோல்ட்பர்க், ஓஃபர் பார்-யோசஃப் மூவரும் அகச்சிவப்புக் கருவியைக் குகைக்கே தூக்கிக்கொண்டு போய், மண்ணைப் பொடித்து அங்கேயே பரிசோதித்து 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மண்ணில் டாலைட் இருந்து எலும்பு இல்லை என்றால், அங்கே எலும்பு போடப்படவே இல்லை. டாலைட்டும் போய் மற்ற பாஸ்பேட்டுகள் மட்டும் இருந்தால், எலும்பு இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இருந்தது கரைந்து போயிருக்கலாம். என்னைக் கேட்டால் எலும்புக்கூட்டைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் சொன்னது. கருவிகள் ஆயிரக்கணக்கில். எலும்பு? விலங்குப் பற்கள் சில, அவ்வளவுதான். பல்லின் மேற்பூச்சு எலும்பைவிடக் கெட்டி, எளிதில் கரையாது. செய்த மனிதனோ கண்ணில் படவே இல்லை. பூண்டி பக்கத்தில் குடியம் குகைகளை 1962 முதல் 1964 வரை கே.டி. பானர்ஜி தோண்டினார். அங்கேயும் கல்தான், ஆள் இல்லை. அந்தக் குகைகள் சுண்ணாம்புப் பாறை இல்லை, கூழாங்கல் சேர்ந்து இறுகிய பாறை. அமிலத்தைத் தடுக்க அதில் எதுவும் கிடையாது.

எலும்பு வேண்டுமென்றால் சுண்ணாம்புக் குகைக்குப் போக வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது. ஹக்ஸ்லியின் யோசனைப்படி சென்னை கவர்னர் கிராண்ட் டஃப் கேட்டுக்கொள்ள, 1884இல் ஃபூட் கர்நூல் பக்கம் பில்லசுர்கம் குகைகளைத் தோண்டப் போனார். பிறகு அவர் மகன் ஹென்றி தொடர்ந்தார். அங்கே எலும்புகள் கொட்டிக் கிடந்தன. குகையின் ஒரு பகுதிக்குப் பிணக்கிடங்கு என்றே பெயர் வைத்தார்கள். அதே குகைகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் 2014இல் வெளியிட்ட கணக்குப்படி, இரண்டு லட்சம் ஆண்டுகளில் அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 இன்னும் உயிரோடு இருக்கின்றன. சுண்ணாம்பு காப்பாற்றிக் கொடுத்ததால்தான் இதைச் சொல்ல முடிகிறது.

என் தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தார். பல வருஷம் கழித்து ஓர் அலுவலகத்தில், அவர் அங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். ரேஷன் கார்டு மழை வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு போட்டோகூட இல்லை. "காகிதம் இல்லைன்னா ஆள் இல்லைன்னுதான் எழுத முடியும்" என்று அந்த எழுத்தர் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டாள். தாத்தா நடந்த சந்தை நான் அவளோடு சேர்ந்து பத்து முறையாவது பார்த்திருக்கிறேன்.

குடியத்தின் மண்ணில் எந்த பாஸ்பேட் இருக்கிறது என்று யாராவது கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், அங்கே எலும்பு இல்லவே இல்லையா, இருந்து கரைந்ததா என்றாவது தெரிந்துவிடும். பையனிடம் இவ்வளவும் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான். மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "அப்போ அங்க ஆளுங்க இருந்தாங்களா இல்லையாப்பா?" என்றான். மே மாத லீவில் சென்னை போகும்போது பூண்டி அருங்காட்சியகத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம்.