எழுத்தாளனும் வகுப்பறையும்: இங்கிலாந்தில் ஆக்க எழுத்துக் கல்வியின் வரலாறு

எழுதக் கற்பித்தல் என்பது யாது? எழுத்துப் பிழையின்றி வரியிடக் கற்பித்தலா, அன்றித் தான் கண்டதையும் உணர்ந்ததையும் தன் சொல்லாற் கூறக் கற்பித்தலா? பொதுமக்கட் கல்வி தோன்றிய காலந்தொட்டு இவ்வினா எழுந்தவண்ணமேயுள்ளது. இதற்கு விடை காண முயன்றோருள் கல்வியியலாளரோடு கவிஞரும் நாவலாசிரியரும் அடங்குவர். இங்கிலாந்திலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எழுத்தாளர் வகுப்பறையோடு கொண்டிருந்த உறவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எமது பரீட்சை முறை அந்நாட்டிலிருந்து வந்ததாகலின், இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று.

1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே 'திருத்தப்பட்ட விதிக்கோவை' நடைமுறைக்கு வந்தது. வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்றிலும் பரிசோதகர் முன்னிலையில் மாணவர் பெற்ற சித்தியை அளவுகோலாகக் கொண்டே பாடசாலைகளுக்கு அரசாங்க நன்கொடை பெரும்பாலும் வழங்கப்பட்டது. ஒரு பிள்ளை தவறினாற் பாடசாலையின் வருமானம் குறையும். எனவே எழுத்துப் பயிற்சி பார்த்தெழுதுதலாகவும் சொல்வதெழுதுதலாகவும் சுருங்கிற்று. இம்முறையை எதிர்த்து எழுதியோருள் முதன்மையானவர் மத்தியூ ஆர்னோல்ட் ஆவார். கவிஞராகவும் திறனாய்வாளராகவும் புகழ்பெற்ற இவர், 1851 முதல் 1886 வரை பாடசாலைப் பரிசோதகராகக் கடமையாற்றி, எளிய பிள்ளைகளின் வகுப்பறைகளை நேரிற் கண்டவர். கற்பித்தல் இயந்திரத்தன்மை அடைந்துவிட்டதெனத் தமது அறிக்கைகளிலேயே அவர் சுட்டிக்காட்டினார். பெறுபேற்றுக்கேற்பப் பணம் வழங்கும் இம்முறை இலங்கையின் உதவி நன்கொடைப் பாடசாலைகளிலும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கையாளப்பட்டமை ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றத்தின் அறிகுறிகள் தென்பட்டன. கேம்பிரிஜ் நகரின் பேர்ஸ் பாடசாலை ஆசிரியரான கோல்ட்வெல் குக், மாணவர் இயற்றிய பாடல்களையும் நாடகங்களையும் தொகுத்து அச்சேற்றினார். விளையாட்டின் வழியே மொழியைக் கற்பிக்கலாம் என்னும் அவரது கொள்கையை விளக்கும் நூல் 1917 இல் வெளிவந்தது. அதனையடுத்து 1921 இல், கவிஞர் ஹென்றி நியூபோல்ற் தலைமையிலான குழு ஆங்கிலக் கல்வி பற்றிய தனது அறிக்கையை வெளியிட்டது. தாய்மொழியும் அதன் இலக்கியமுமே பிள்ளையின் கல்விக்கு அடித்தளம் என அது வலியுறுத்திற்று. எனினும் பெரும்பாலான வகுப்பறைகளிற் பிள்ளை இலக்கியத்தைப் படிப்பவனாகவே கருதப்பட்டான். படைப்பவனாக அவனைக் கருதுவோர் சிலரே இருந்தனர்.

இந்நிலையை மாற்றும் உந்துதல் இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் வலுப்பெற்றது. அக்காலத்திற் பதினொரு வயதில் நடத்தப்பட்ட பரீட்சை பிள்ளைகளை இருவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பிற்று. சித்தியெய்தாத பெரும்பான்மையினர், தாம் தகுதியற்றவர் என்னும் எண்ணத்துடனேயே புதிய பாடசாலைக்குட் காலடி வைத்தனர். இத்தகைய பிள்ளைகளுக்குக் கேம்பிரிஜ்ஷயர்க் கிராமமொன்றிற் கற்பித்தவர் கவிஞர் டேவிட் ஹோல்புறூக். 1961 இலும் 1964 இலும் வெளிவந்த அவரது நூல்கள், கடைநிலை வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தை ஆழ்ந்த கவனத்துடன் ஆராய்ந்தன. பிழைகள் மலிந்த அவ்வெழுத்துக்களிலே அன்புக்கான ஏக்கத்தையும் அச்சத்தையும் அவர் கண்டார். பரீட்சகர் சிவப்பு மையினால் வெட்டியெறியும் வரியைக் கவிஞர் ஒருவர் மனித வாக்குமூலமாக வாசித்தார். எழுத்தாளன் வகுப்பறைக்குக் கொணர்ந்த முதற்கொடை இவ்வாசிப்பே எனலாம்.

இதே காலப்பகுதியில் வானொலி வழியாக இப்பணியைப் பரவலாக்கியவர் கவிஞர் ரெட் ஹியூஸ் ஆவார். யோர்க்ஷயரில் 1930 இற் பிறந்த இவர், மெக்ஸ்பறோ பாடசாலையில் ஆசிரியர் ஒருவரின் ஊக்குவிப்பினால் எழுத்துத் துறைக்கு வந்தவர். பீ. பீ. சி.யின் பாடசாலை ஒலிபரப்பில் இவர் ஆற்றிய உரைகள் 1967 இல் நூலுருப் பெற்றன. யாப்பிலக்கணத்தையோ அணிகளையோ அவர் முதலில் எடுத்துரைக்கவில்லை. சிறுவயதில் விலங்குகளைத் துரத்திப் பிடித்த அனுபவத்தைக் கூறி, கவிதையும் அவ்வாறு உயிரோடு பிடிக்க வேண்டியதொன்று என விளக்கினார். பொருளின் மீது கண்ணை ஊன்றி நோக்கினாற் சொற்கள் தாமே ஒழுங்குபடும் என்பது அவர் கருத்து. பத்து நிமிடம் போன்ற குறுகிய எல்லைக்குள் எழுதும்படி தூண்டுவதையும் அவர் ஆதரித்தார். தயக்கத்தை வெல்ல அந்நெருக்கடி உதவும் என்பது அவர் நம்பிக்கை. தொழில் தெரிந்த ஒருவன் தன் பட்டறையின் கதவைத் திறந்து காட்டியதைப் போன்றதே இது.

இவ்வெண்ணம் 1968 இல் ஒரு நிறுவனமாக வடிவு பெற்றது. ஜோன் மோற், ஜோன் பெயார்பக்ஸ் என்னும் இரு கவிஞர்கள் டெவன் பிரதேசத்தில் இளைஞருக்கான எழுத்துப் பயிற்சியொன்றை நடத்தி, ஆர்வன் என்னும் அமைப்பைத் தொடக்கினர். பரீட்சையோ புள்ளியோ இன்றிச் சில நாட்கள் ஒரே வீட்டிற் தங்கி, மாணவரும் எழுத்தாளரும் சேர்ந்து சமைத்து, உண்டு, எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டுவதே அதன் முறை. இத்திட்டம் பயன்தருமோ என முதலில் ஐயுற்ற ஹியூஸ், பின்னர் அதன் உறுதியான ஆதரவாளரானார். யோர்க்ஷயரிலிருந்த அவரது லம் பாங்க் இல்லமும் 1975 இல் ஆர்வனின் பயிற்சி நிலையமாயிற்று.

பல்கலைக்கழகமும் இம்முயற்சியிற் பங்குகொண்டது. கிழக்கு அங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் நாவலாசிரியர்களான மல்கம் பிறாட்பரியும் அங்கஸ் வில்சனும் 1970 இல் ஆக்க எழுத்தை முதுமாணிக் கற்கையாகத் தொடக்கினர். அவ்வாண்டில் அதனைப் பயின்றவர் இயன் மக்கியூவன் ஒருவரே. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவும் அங்கு பயின்றவராவார். பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பணியாற்றிய எழுத்தாளர் ஒன்றிணைந்து 1987 இல் 'கல்வித்துறை எழுத்தாளர் தேசியச் சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினர். வருகைதரு விருந்தினனாக இருந்த எழுத்தாளன், உரிமையும் பொறுப்புமுள்ள தொழிலாளனாக மாறியமையை இது காட்டுகின்றது.

இம்முயற்சிகளுக்கு எதிர்ப்பும் இருந்தது. அதனை முற்றாகப் புறக்கணித்தல் நேர்மையாகாது. ஆக்க எழுத்து என்னும் பெயரிற் சில வகுப்பறைகளில் அலங்காரச் சொற்களும் பொய்யுணர்ச்சியும் பெருகியமையை 1975 இல் வெளிவந்த புலொக் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. ஆயின் இக்குறை எழுத்தாளரின் கொள்கையாற் தோன்றியதன்று. உற்று நோக்கி உண்மையை எழுதுக என அவர்கள் வற்புறுத்தியதை மறந்து, புறக்கோலத்தை மட்டும் பின்பற்றியதன் விளைவே அது. 1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசிய கலைத்திட்டத்தையும் அதனோடிணைந்த சோதனைகளையும் கொணர்ந்தது. எழுத்து மீண்டும் அளவிடப்படும் பொருளாயிற்று. 2013 இல் ஆக்க எழுத்து உயர்தரப் பரீட்சைப் பாடமாகவும் அறிமுகஞ் செய்யப்பட்டது. எனினும் 2015 இல் அதனைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. 1862 இல் எழுந்த முரண்பாடு வேறொரு வடிவில் நீடிப்பதையே இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிபு யாது? எழுத்தாளர் வகுப்பறைக்குட் கொணர்ந்தது புதிய பாடமொன்றன்று, வாசிக்கும் முறையொன்றாகும். பிள்ளைக்குச் சொல்வதற்கு ஏதோ உண்டு என்னும் நம்பிக்கையோடு அவன் எழுத்தை வாசித்தலே அது. அந்நம்பிக்கை நிலவிய இடத்தில் எழுத்துக் கல்வி தழைத்தது. புள்ளியே குறியாக நின்ற இடத்தில் அது வாடிற்று.

எமது நிலையையும் ஒருகணம் எண்ணிப் பார்ப்போம். சாதாரணதரப் பரீட்சைக்கென மழைக்காலத்தைப் பற்றிய கட்டுரையை மனனஞ் செய்த மாணவருள் இவ்வெழுத்தாளனும் ஒருவன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. யாமோ யன்னலைப் பாராது, யாரோ எழுதிய மழையை ஒப்புவித்துக்கொண்டிருந்தோம். ஈழத்துத் தமிழ் எழுத்தாளருட் பலர் ஆசிரியராகவும் விளங்கியோர். வகுப்பறைக்கு வெளியிலிருந்து எழுத்தாளரை அழைத்து வரவேண்டிய தேவை எமக்கு அத்துணை இல்லை. அவர்கள் தம் எழுத்தறிவோடு வகுப்பறைக்குள் நிற்பதற்குக் கலைத்திட்டம் இடமளிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். நாளை ஆசிரியராகப் போகும் கலைப்பீட மாணவராகிய எம்முட் பலர், முதலில் அந்த யன்னலைத் திறந்துவிடக் கடமைப்பட்டுள்ளோம்.