வைர வெட்டுளித் தேய்மானம்

வைர வெட்டுளித் தேய்மானம் என்பது, உலோகங்களைக் கடையும்போது வைர வெட்டுளியின் விளிம்பு சிறிது சிறிதாகப் பொருள் இழந்து மழுங்குவதைக் குறிக்கும். வைரம் மிகக் கடினமான பொருட்களுள் ஒன்று. ஆயினும் தன்னைவிடப் பன்மடங்கு மென்மையான எஃகைக் கடையும்போது அது விரைவில் தேய்கிறது. வைரத்துக்கும் இரும்புக்கும் இடையே நிகழும் வேதிவினையே இதற்கு முதன்மைக் காரணம் ஆகும்.

பாறையும் உலோகமும்

பாறையை வெட்டும் கருவிகள் பெரும்பாலும் உராய்வினாலேயே தேய்கின்றன. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் மோ கடினத்தன்மை எண் 3. பெரம்பலூர் மாவட்டத்தில் காணப்படும் சார்னோக்கைட்டுப் பாறையில் உள்ள குவார்ட்சின் எண் 7. ஆகவே சார்னோக்கைட்டில் துளைமுனைகள் விரைவாகத் தேயும். வைரத்தின் எண் 10 என்பதால், வைரம் பதித்த வாள்கள் இரண்டையும் அறுக்க வல்லவை. எஃகுக்கு இக்கணக்கு பொருந்தாது.

தேயும் விதம்

* இரும்பு, நிக்கல், கோபால்ட்டு: வெட்டுமுனையின் வெப்பத்தில் இவை வைரம் கிராஃபைட்டாக மாறுவதை ஊக்குவிக்கின்றன. வைரத்தின் கரிம அணுக்கள் உலோகத்தில் கரைந்து, சீவலோடு வெளியேறுகின்றன.
* டைட்டேனியம்: கரிமத்துடன் சேர்ந்து கார்பைடாகிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாததால் வெட்டுமுனையில் சூடு தேங்குகிறது.
* அலுமினியம், செம்பு: வேதிவினை குறைவு. எனவே வைரம் நெடுநாள் உழைக்கும். எனினும் பிஸ்டன்களுக்குப் பயன்படும் அலுமினிய-சிலிக்கான் கலப்புலோகத்தில், கடினமான சிலிக்கான் துகள்கள் விளிம்பை உராய்ந்து தேய்க்கின்றன.

விளிம்பு மழுங்கினால் வெட்டுவிசையும் வெப்பமும் கூடும். பரப்பின் வழவழப்பும் அளவுத் துல்லியமும் கெடும். ஒளியியல் ஆடிகள், வில்லை அச்சுகள் ஆகியவற்றைக் கடையும்போது மைக்ரோமீட்டருக்கும் குறைவான தேய்மானம்கூடப் பொருளைப் பயனற்றதாக்கலாம்.

குறைக்கும் வழிகள்

* கடினப்படுத்திய எஃகுக்கு, 1957 இல் இராபர்ட் வென்டார்ஃப் உருவாக்கிய கனசதுரப் போரான் நைட்ரைடைப் பயன்படுத்தலாம். இதில் கரிமம் இல்லாததால் இரும்புடன் வினைபுரிவது மிகக் குறைவு.
* வெட்டுளியை மீயொலி அதிர்வெண்ணில் அதிரச் செய்தால், அது உலோகத்தை விட்டுவிட்டுத் தொடும். 1990களில் ஜப்பானைச் சேர்ந்த மொரிவாக்கி, ஷமோட்டோ ஆகியோர் இம்முறையில் எஃகை வைரத்தால் கடைந்து காட்டினர்.
* திரவ நைதரசனால் (கொதிநிலை −196 °செ) வெட்டுமுனையைக் குளிர்விக்கலாம்.
* எஃகு அச்சின்மீது பாசுபரசு மிகுந்த நிக்கல் பூச்சு இட்டு, அப்பூச்சை மட்டும் கடையலாம். தூய நிக்கலைவிட இது வைரத்தைக் குறைவாகவே தேய்க்கும்.

எனவே வெட்டுளியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் கடினத்தன்மையோடு வெட்டப்படும் உலோகத்தின் வேதியியல்பையும் கருத்தில் கொள்ளல் வேண்டும்.