போலீஸ் சட்டையும் கொம்பன் சட்டையும்

இங்கே கனடாவில் நம்ம பசங்களுக்கு ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்கு 12 பேர், 110 கெஜ மைதானம். இந்த லீக்கில் ஆடியவர்களில் பலர் சீசன் முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தவர்கள்தான். எங்க திருவனந்தபுரத்தில் கதை தலைகீழ். அங்கே ஆட்டத்துக்குக் கிடைத்த சம்பளமே ஒரு வேலைதான்.

டைட்டானியம், மின்வாரியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், போலீஸ்... எல்லாம் டிபார்ட்மெண்ட் டீம்கள். நன்றாக உதைத்தால் அரசாங்க உத்தியோகம். அம்மா அப்பாவும் "சரி, ஆடு" என்பார்கள் :-)

இதில் போலீஸ் டீம் செய்ததை இன்றைக்கும் மலையாளிகள் கதை கதையாகச் சொல்வார்கள். 1990-ல் திருச்சூரில் கோவாவின் சல்காவ்கரை 2-1 என்று வென்று ஃபெடரேஷன் கோப்பை. அடுத்த வருடம் கண்ணூரில் மஹிந்திராவை வீழ்த்தி மறுபடியும். வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ என்று பாதி இந்திய அணியே அங்கேதான் இருந்தது. விஜயன், சத்யன் இரண்டு பேரையும் கல்கத்தா மோகன் பகான் கொத்திக்கொண்டு போனது தனிக்கதை.

சத்யன் நமக்கும் கொஞ்சம் சொந்தம். 1995-ல் சென்னை இந்தியன் வங்கிக்கு வந்துவிட்டார். இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர், 2006 ஜூலை 18-ல் பல்லாவரத்தில் ரயில் மோதி இறந்தார். வயது 41. 2018-ல் 'கேப்டன்' என்று படம் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது. எனக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

2017-ல் திருவாங்கூர் வங்கி எஸ்.பி.ஐ.யோடு இணைந்து, அந்தப் பேரும் போச்சு.

அப்புறம் 2024. சூப்பர் லீக் கேரளா, ஆறு அணிகள். திருவனந்தபுரத்துக்கு 'கொம்பன்ஸ்', அதாவது கொம்பன் யானைகள். பிரேசில் கோச், பிரேசில் கேப்டன் பாட்ரிக் மோட்டா. சொந்த மைதானம் எது தெரியுமா? அதே போலீஸ் ஸ்டேடியம், சந்திரசேகரன் நாயர் பெயரில் உள்ளது! டிபார்ட்மெண்ட் பெயர் இல்லாமல் ஊர் பெயரிலேயே ஒரு டீம் என்பதால் ஜனங்களுக்கும் உற்சாகம். அரையிறுதி வரை வந்து, கோழிக்கோட்டில் காலிகட்டிடம் 2-1 என்று தோற்றார்கள். கோப்பையும் காலிகட்டுக்கே.

செப்டம்பர் 7-ல் தொடங்கிய லீக் நவம்பர் 10-ல் முடிந்துவிட்டது. மொத்தம் இரண்டு மாதம் சொச்சம். விஜயனோ இடையில் கிளப் கிளப்பாகச் சுற்றினாலும் போலீசுக்கே திரும்பி, 2025 ஏப்ரலில் அதிகாரியாக ரிட்டயர் ஆனார். உள்ளூர்ப் பையனைப் பெற்றவர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடாமலா இருப்பார்கள்?