காதில் கேட்ட மூச்சு: உடலக உணர்வும் கவனமும் குறித்த ஒரு மறுவாசிப்பு

புறத்தூண்டல்கள் மிகுந்தால் உடலக உணர்வு, அதாவது துடிப்பு, மூச்சு, பசி, களைப்பு என உடலுக்குள் நிகழ்வனவற்றை அறியும் உணர்வு, மங்கும் என்றும் அவை குறைந்தால் அது கூர்மை பெறும் என்றும் கூறும் ஆய்வு மரபு, கவனத்தை அளவுக்குட்பட்ட ஒரே சேமிப்பாகக் கொண்டு, உடலும் உலகும் அதற்காகப் போட்டியிடுகின்றன என விளக்குகிறது. இம்மரபு பெரிதும் சார்ந்து நிற்பது பென்னிபேக்கரும் லைட்மனும் 1980இல் வெளியிட்ட ஆய்வு. சோதனை நடந்த முறையோடு சேர்த்து வாசிக்கும்போது, அந்த ஆய்வு இத்தகைய முடிவுக்கு இடம் தருவதாகத் தெரியவில்லை.

அதன் முதற்பகுதியில் டிரெட்மில்லில் நடந்த மாணவர்களுள் ஒரு சாரார் பெருக்கப்பட்ட தம் மூச்சொலியையும், மற்றொரு சாரார் கவனத்தைத் திருப்பும் வெளி ஓசைகளையும் கேட்டனர். உடலியல் அளவீடுகளில் வேறுபாடு இல்லாதபோதும், மூச்சொலி கேட்டவர்களே மிகுந்த களைப்பைத் தெரிவித்தனர். இவர்களது கவனம் உட்புறம் திரும்பியது என்பதே வழக்கமான விளக்கம். ஆயினும் அந்த மூச்சு அவர்களை எட்டிய வழியை எவரும் போதிய அளவு கருதியதாகத் தோன்றவில்லை. விலாத் தசைகளின் இழுப்பாகவோ நுரையீரலின் விரிவாகவோ அன்றி, கருவியால் பெருக்கப்பட்டுச் செவிப்பறையில் வந்து மோதிய ஒலியாகவே அது எட்டியது. உடலியலாளர் செரிங்டன் உணர்வுகளை 1906இல் வகுத்த பாகுபாட்டின்படி செவி புறவுணர்வின் வாயில். ஆகவே இரு சாராரும் கேட்டது புறவொலியையே, அவ்வொலி எதைக் குறித்தது என்பதில் மட்டுமே அவர்கள் வேறுபட்டனர். மிகுந்தது உணர்வன்று, ஒலியைக் களைப்பின் அறிகுறியாகக் கொள்ளும் பொருள்கோள் என்று கருதவே இச்சான்று கூடுதலாக இடந்தருகிறது. அவ்வொலி நெஞ்சின் மீதும் கவனத்தை ஈர்த்திருக்கலாம். ஆனால் அதைப் பிரித்தறியும் அளவீடு எதுவும் அச்சோதனையில் இல்லை.

இரண்டாம் பகுதியில், திறந்தவெளிப் பாதையில் ஓடியவர்கள் சுற்றுப் பாதையில் ஓடியதைவிட விரைவாக ஓடியும் கூடுதல் களைப்பைத் தெரிவிக்கவில்லை. காட்சிகள் களைப்பை மறைத்தன என்பர். ஆனால் சுற்றுப் பாதையில் ஒரே வளைவு மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்போது எத்தனை சுற்று முடிந்தது, எத்தனை மீதம் என்பதும் ஓடுபவருக்குத் தெரிகிறது. அந்தக் கணக்கும் களைப்பின் மதிப்பீட்டில் கலந்துவிடுகிறது. மேலும் மேடுபள்ளமான தரையில் மூச்சுக்கும் காலுக்கும் ஏற்ப வேகத்தைச் சரிசெய்தபடி ஓடும் ஒருவர் உடலை அறியாதிருந்தார் எனக் கொள்வது கடினம். அறிதல் வேறு, அறிந்ததைப் பின்னர் கூறுதல் வேறு.

உடலக உணர்வை அளக்க ஷாண்ட்ரி 1981இல் கையாண்ட முறையில் கவனச்சிதறல் ஏதுமில்லை: நாடியைத் தொடாமல் ஒருவர் தம் இதயத் துடிப்பை எண்ணவேண்டும். ஆயினும், ஊகத்தை விலக்கி, உணர்ந்த துடிப்பை மட்டும் எண்ணுமாறு பின்னாளில் அறிவுறுத்தப்பட்டபோது மதிப்பெண்கள் வெகுவாகச் சரிந்தன. அமைதியான அறையிலும் எண்ணிக்கையை நிரப்பியது, தம் இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்கும் என்ற முன்னறிவே. பல ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றனவே என்பது மறுப்பாகாது. பழுதுள்ள அளவுகோலைப் பலமுறை பயன்படுத்துவதால் அதன் பழுது நீங்கிவிடாது.

மூச்சுத்திணறலால் அல்லலுறுவோரிடம் கவனத்தை வெளியே திருப்புமாறு கூறும் அறிவுரையும் கவனப் போட்டி என்னும் கருத்தோடு பிணைந்திருப்பதால், இது வெறும் சொற்பிணக்கன்று. உணர்வையும் பொருள்கோளையும் பிரித்தறிய, ஒரு குழுவினர் மூச்சுவிடும் வாய்க்குழாயில் சிறு தடை வைத்து, மூச்சின் ஓசையை மறைத்து, அதன் இழுப்பை மட்டும் உணரச் செய்ய வேண்டும். மற்றொரு குழுவினருக்குத் தடையின்றி ஓசையை மட்டும் கேட்கச் செய்ய வேண்டும். உடலுழைப்பைச் சமமாக வைத்து இவ்விரு வழிகளையும் பிரிக்கும் இத்தகைய சோதனையில், முதற்குழுவின் களைப்பு வெளிக்காட்சிகளால் குறைந்தால் மட்டுமே கவனப் போட்டி என்னும் விளக்கத்தை ஏற்கலாம்.