அரசூர் 87

இந்தியக் கால்நடை மருத்துவத்தின் வரலாறு குதிரையில் தொடங்குகிறது. பட்டாளத்துக்குக் குதிரை வேண்டியிருந்தது. அடுத்து மாடு வந்தது, ஏர் நின்றால் வரியும் நிற்குமே. கூட்டங்கூட்டமாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் போன்றவற்றை விசாரிக்க அமைத்த ஆணையம் 1871இல் அறிக்கை தந்தது. 1889இல் பூனாவில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1893இல் அது இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசருக்கு மாறியது. 1903இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. இந்த வரிசையில் வெள்ளாடு எங்கே என்று தேடினால், 1920களில் முக்தேசரில் தென்படுகிறது. அதுவும் நோயாளியாக அல்ல. வெக்கைக் கிருமியை ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைத்து, அதையே மாட்டுக்குத் தடுப்பூசியாக்கினார்கள். மாட்டைக் காப்பாற்றும் கருவியாகத்தான் ஆடு அந்த வரலாற்றுக்குள் நுழைந்தது.

இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உழவு மாடு ஆணின் சொத்து. ஆடும் கோழியும் பெண்ணின் கைக்காசு. நிலமில்லாத வீட்டில் வாரத்துக்கு ஒரு பெட்டையாட்டை வாங்கி வளர்ப்பவள் பெரும்பாலும் பெண்தான். ஈனும் குட்டிகளில் பாதி ஆட்டுக்காரருக்கு, பாதி அவளுக்கு. அந்தப் பாதியில்தான் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவும் மருத்துவச் செலவும் அடங்கும். காலையில் பட்டியைக் கூட்டும்போதே அவள் மருத்துவம் தொடங்கிவிடுகிறது: புழுக்கை கட்டியாக இருக்கிறதா, இளகியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, எந்த ஆடு அசைபோடவில்லை, எந்தக் குட்டி மடிக்கு வராமல் ஒதுங்கி நிற்கிறது. சம்பளம் இல்லாத இந்த வேலையைப் 'பாட்டி வைத்தியம்' என்று புகழ்ந்து ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வேப்பிலையும் மஞ்சளும் சில புண்களுக்கு உதவும். ஆட்டுக்கொல்லிக்கு உதவாது.

ஆட்டுக்கொல்லி என்ற பெயரே நோயைச் சொல்லிவிடும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, வாய்ப்புண், கழிச்சல். பிறகு சில நாட்களில் சாவு. 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் இதை முதலில் விவரித்தார்கள். அது அந்தப் பக்கத்து நோய் என்றே வெகுகாலம் நம்பினார்கள். இங்கே ஆடுகள் அதே குறிகளோடு செத்தபோது, வெக்கை ஆட்டுக்கும் தொற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்வதே வழக்கம். இரண்டு கிருமிகளும் நெருங்கிய உறவு என்பதால் குழப்பம் இயல்புதான். ஆனால் ஆட்டின் சாவைக்கூட மாட்டின் நோயாகவே படித்த அறிவியலில் வெறும் குழப்பம் மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1987இல் விழுப்புரம் பகுதியின் அரசூர் கிராமத்தில் செம்மறிகளிடம் இந்த நோய் உறுதியானது. இந்தியாவில் அதுவே முதல் பதிவு. அங்கே கிடைத்த கிருமிக்கு 'அரசூர் 87' என்று பெயர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அதைக் கொண்டு தடுப்பூசி செய்தது. இமாச்சலத்தில் கிடைத்த 'சுங்ரி 96' இன்னொரு தடுப்பூசிக்கு ஆதாரம். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளாவது காக்கும். வெக்கை நோய் 2011இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆட்டுக்கொல்லியை ஒழிக்க வைத்திருக்கும் இலக்கு 2030. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே இந்த இடைவெளி.

ஊரின் பெயர் கிருமியில் நிலைத்துவிட்டது. ஆடு தீனி எடுக்காததை அந்த ஊரில் முதலில் கவனித்தவர் யார் என்பது எந்த ஆய்வுத்தாளுக்கும் தேவைப்படவில்லை.

கவனித்தவளுக்கு மருத்துவப் படிப்பின் வாசலும் எளிதில் திறக்கவில்லை. அயர்லாந்தில் பிறந்த அலீன் கஸ்ட் 1900இல் எடின்பரோவில் கால்நடை மருத்துவப் படிப்பை முடித்தார். பெண் என்பதால் தகுதித் தேர்வு எழுத விடவில்லை. பட்டயம் கைக்கு வந்தது 1922இல். அதற்குள் இருபது ஆண்டுக்கும் மேலாக அவர் வேலை பார்த்திருந்தார். சென்னைக் கல்லூரியில் 1952இல் பட்டம் பெற்ற சக்குபாய் ராமச்சந்திரனை நாட்டின் முதல் பெண் கால்நடை மருத்துவர் என்கிறார்கள். கல்லூரி தொடங்கி அப்போது 49 ஆண்டுகள்.

2011இல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடுகள் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இலக்கு 7 லட்சம் குடும்பங்கள். அதன் குறைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனாலும் உரிமையாளர் என்ற இடத்தில் பெண்ணின் பெயரை அரசுத்தாளில் எழுத வைத்தது அது. நான் பார்த்த தடுப்பூசி முகாம்களில் ஆட்டைக் கயிறு பிடித்து இழுத்து வந்தவர்கள் பெண்கள்; பதிவேட்டில் ஏறியவை கணவன்மார் பெயர்கள்.

கோழியின் கதை இன்னும் பின்தங்கியது. வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் ஒரு தெருவின் கோழிகளைக் காலி செய்துவிடும். ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும், மரத்தில் அடையும் கோழியைப் பிடிக்க ஆள் வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவளுக்காக யார் வருவார்கள்? பிறகுதான் வெப்பம் தாங்கும், தீவனத்தோடு கலந்து போடும் குருணை மருந்து வந்தது. அதைப் போட மருத்துவர் வரவேண்டியதில்லை. விடியற்காலையில் கூடையைத் திறந்துவிட்டு, அவளே கை நிறைய அள்ளி இறைத்துவிடலாம்.