பசித்தவன் தரப்பு

வரலாறென்றால் நாம் ஆவணங்களை நம்பிப் பழகியவர்கள். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தில் உருளைக்கிழங்கு அழுகியது. பசித்தவர்கள் ஆடு திருடினார்கள். நீதிமன்ற ஏடுகள் அவர்களைக் குற்றவாளிகள் என்றன. பலர் கப்பலேற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டனர். கால் ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவன் அதைக் கைவிட்டாலன்றி நிவாரணம் இல்லையென்றது 1847ஆம் ஆண்டின் சட்டம். அது குற்றமெனப் பதிவாகவில்லை.

1937 முதல் 1939 வரை, அயர்லாந்து நாட்டாரியல் ஆணையத்தின் முயற்சியால், சுமார் 50,000 பள்ளிச் சிறார்கள் ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதினார்கள். அத்தகைய ஊர்க்கதைகள் பலவற்றின் தீர்ப்பு வேறு. பசிக்குத் திருடியவனுக்கு அவை இரங்குகின்றன; துரத்தப்பட்ட அண்டைவீட்டானின் நிலத்தைச் சட்டப்படியே வாங்கிக்கொண்டவனை மன்னிக்க மறுக்கின்றன.

பாட்டி சொல்லப் பேரன் எழுதிய ஏட்டில் ஆண்டுக்கணக்கு பிசகலாம். பசித்தவன் தரப்பு வாக்குமூலத்தை நாம் வேறெங்கே தேடுவது?