பருவக்காற்றுக் கடலில் ஒரு முதல் காதல்

மழைக்காலத்துக் கடல் எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அலை கரையைப் போட்டு அடிக்கும். கொழும்பில் அந்த ஆட்டம் தென்மேற்குப் பருவக்காற்றோடு முன்னதாகவே தொடங்கிவிடும். அந்தக் கடலைத் தலைப்பிலேயே வைத்து ஷ்யாம் செல்வதுரை 2005இல் எழுதிய ஆங்கில நாவல் 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ'. பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. காதல் கதைதான். ஆனால் ஒரு பையனுக்கு இன்னொரு பையன் மேல் வரும் காதல்!

1980ஆம் வருடம். அம்ரித்துக்கு 14 வயது. அப்பா, அம்மா இல்லை. அம்மாவின் தோழி வீட்டில் வளர்கிறான். கனடாவிலிருந்து மாமா மகன் நிரேஷ் வந்து இறங்குகிறான். அம்ரித் ஒரு பெண்ணாக இருந்திருந்தால் "முறைப்பையன் வந்துட்டான்" என்று வீடே கேலி செய்து சிரித்திருக்கும். இவன் பையன் என்பதால் மனசுக்குள் நடப்பதற்கு ஒரு பெயர்கூட இல்லை. நிரேஷ் வேறு யாரோடாவது சிரித்துப் பேசினால் வயிறு எரிகிறது. பள்ளியில் போடும் நாடகம் 'ஒதெல்லோ' என்பது சும்மா வைத்ததில்லை. பொறாமைக்கு அதைவிடப் பெரிய கதை ஏது?

செல்வதுரை 1965இல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கனடா போனது. 1994இல் வந்த அவருடைய முதல் நாவல் 'ஃபன்னி பாய்'. அதில் வரும் ஆர்ஜி, சின்ன வயதில் பெண்பிள்ளைகளோடு கல்யாண விளையாட்டில் மணப்பெண்ணாகச் சேலை கட்டி நிற்பவன். பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையனைக் காதலிக்கிறான். கலவரத்தில் வீடு எரிகிறது.

இதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகள் கதைகளில் எப்படி வந்தார்கள்? அமெரிக்காவில் 1969இல் ஜான் டோனவன் எழுதிய நாவலில் இரண்டு பையன்கள் முத்தமிடுகிறார்கள். பிறகு ஒருவனின் நாய் கார் மோதிச் சாகிறது. தான் செய்ததற்குத் தண்டனை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். பாவம், நாய் என்ன செய்தது! நான்சி கார்டன் 1982இல் 'ஆனி ஆன் மை மைண்ட்' நாவலில் இரண்டு பெண்களுக்கு நல்ல முடிவு கொடுத்தார். 1993இல் கேன்சஸ் சிட்டியில் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள்.

தமிழில் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' 1978இல் வந்தது. துணிச்சலான நாவல், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வரும் கணேசன் சிறு வயதிலேயே மூத்த ஆணின் இச்சைக்கு ஆளாகிறவன், பிறகு தொழுநோய். காதல் என்பதற்கு அங்கே இடமில்லை. பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்களில் காதல் என்றால் ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான்.

இந்தியாவில் 2014இல் இரண்டு ஆங்கில நாவல்கள் வந்தன. அதற்குச் சற்று முன்புதான், 2013 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவை மறுபடி உயிர்ப்பித்திருந்தது. ஹிமாஞ்சலி சங்கரின் 'டாக்கிங் ஆஃப் முஸ்கான்' தொடங்கும்போதே முஸ்கான் தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கதையைச் சொல்வது கூடப் படிப்பவர்கள். பாயல் தரின் 'ஸ்லைட்லி பர்ன்ட்' நாவலில் சாஹிலின் ரகசியத்தைச் சொல்வது தோழி கோமல். இரண்டும் நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டவை. ஆனாலும் கவனித்துப் பாருங்கள்: யாருடைய கதையோ, அவர்கள் பேசுவதில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அதிர்ந்து, அழுது, புரிந்துகொண்டு முடிக்கிறார்கள்.

செல்வதுரை செய்த பெரிய காரியம் இங்கேதான் தெரிகிறது. ஆர்ஜி தன் கதையைத் தானே சொல்கிறான். அம்ரித்தின் கதை படர்க்கையில் இருந்தாலும் அவன் நெஞ்சைவிட்டு நகர்வதில்லை. அவனுடைய வெட்கம், அற்பத்தனம், கோபம் எல்லாம் வருகிறது. அவன் பரிதாபத்துக்குரிய உத்தமன் இல்லை. கடைசியில் நிரேஷ் கனடா திரும்புகிறான். ஜோடி சேரவில்லை, ஆனால் யாரும் தண்டிக்கப்படவும் இல்லை. முதல் காதல் பெரும்பாலும் அப்படித்தானே முடிகிறது?

377ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6இல் தளர்ந்தது. கிரீஷ் எழுதிய 'விடுபட்டவை' தமிழில் வந்ததும் அந்த வருடம்தான். அது வளர்ந்தவர்களுக்கான புத்தகம். செல்வதுரை எழுதுவதோ ஆங்கிலத்தில். திருவொற்றியூரில் தமிழ் மீடியத்தில் படிக்கும் 14 வயதுப் பையன் ஒருவன் அம்ரித்தைச் சந்திக்க, முதலில் அந்த ஆங்கிலத்தைத் தாண்டி வர வேண்டும்.